தூண்டிலுக்கு நைட்கிராலர் வளர்ப்பு: முதல் பெட்டி வைப்பவர்களுக்கு

மீன் பிடிக்கப் போகிற அன்று காலையில் புழு தேடி அலைவது எவ்வளவு எரிச்சலான வேலை என்று தூண்டில் போடுகிற எல்லோருக்கும் தெரியும். மழை பெய்து இரண்டு நாள் ஆகியிருந்தால் மண்வெட்டி வைத்த இடத்தில் எல்லாம் புழு இருக்கும். மண் காய்ந்த காலத்தில் முழங்கால் ஆழம் தோண்டினாலும் நூல் மாதிரி நாலு புழு கிடைத்தால் பெரிது, அதுவும் முள்ளில் கோக்கும்போதே அறுந்துவிடும். வீட்டில் நிழலான ஒரு மூலையில் ஒரு பெட்டி வைத்து, பென்சில் தடிமனில் நல்ல புழுவாக வளர்த்துக்கொண்டால் இந்த அலைச்சல் வேண்டாம். வேலையும் வாரத்துக்கு அரை மணி நேரத்தைத் தாண்டாது. ஆனால் தொடங்குகிறவர்களில் நிறையப் பேர் முதல் பெட்டியைப் பறிகொடுக்கிறார்கள், நானும் பறிகொடுத்தேன். அக்கறை இல்லாததால் அப்படி ஆவதில்லை. எந்தப் புழுவை வளர்க்கிறோம், அது எப்படி உயிர் வாழ்கிறது என்று தெரியாமல் பெட்டியை வைத்துவிடுவதால்தான் ஆகிறது. அதனால் பெட்டிக்கும் தீனிக்கும் போவதற்கு முன்னால் புழுவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

முதலில் பெயர். நைட்கிராலர் என்றால் இரவில் ஊர்ந்து வெளியே வருவது, அவ்வளவுதான் பொருள். அந்த ஒரே பெயரில் குறைந்தது மூன்று வெவ்வேறு மண்புழுக்கள் விற்பனைக்கு வருகின்றன, மூன்றின் குணமும் வேறு, ஒன்றுக்கு ஏற்ற இடம் இன்னொன்றைக் கொன்றுவிடும்.

தூண்டில்காரர்கள் நைட்கிராலர் என்று சொன்னதும் பெரும்பாலும் நினைப்பது கனடியன் நைட்கிராலரை. அறிவியல் பெயர் லம்ப்ரிகஸ் டெரெஸ்ட்ரிஸ். உடம்பை நீட்டினால் 20 செ.மீ.க்கு மேல் போகும், வால் பக்கம் தட்டையாக அகன்றிருக்கும். பெயரில் கனடா இருந்தாலும் பூர்வீகம் ஐரோப்பா. இது மண்ணுக்குள் நேர் கீழாக ஒரு மீட்டர், சில இடங்களில் இரண்டு மீட்டர் ஆழம்கூட ஒரு வளை தோண்டி நிரந்தரமாக அதிலேயே குடியிருக்கும். இரவில் வாலை வளைக்குள் ஊன்றிக்கொண்டு தலையை மட்டும் வெளியே நீட்டி, சுற்றிக் கிடக்கும் சருகுகளைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும். இதற்குக் குளிர்ச்சி வேண்டும், 10 முதல் 15 டிகிரி செல்சியஸ் இருந்தால் சுகமாக இருக்கும். பருவத்துக்கு வர ஏறக்குறைய ஒரு வருடம் எடுக்கும், ஒரு முட்டைக்கூட்டில் பெரும்பாலும் ஒரே ஒரு குட்டி, அதுவும் பொரிக்க மாதக்கணக்கில் ஆகும். ஆழமும் குளிரும் இவ்வளவு பொறுமையும் கேட்கிற புழுவை ஒரு சாதாரணப் பெட்டியில் பெருக்குவது நடக்கிற காரியம் இல்லை. வியாபாரத்துக்கே இதை யாரும் பெரிதாக வளர்ப்பதில்லை: கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஈரமான இரவுகளில் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, வயல்களில் ஆட்கள் குனிந்து ஒவ்வொன்றாகக் கையால் பொறுக்கித்தான் விற்பனைக்கு அனுப்புகிறார்கள். ஆகவே இந்தப் புழு கையில் கிடைத்தால் குளிர்சாதனப் பெட்டியில் ஈரமான தாள், மக்கிய இலை போன்ற படுக்கையோடு வைத்துச் சில வாரம் காப்பாற்றலாம், பெருகும் என்று காத்திருக்க வேண்டாம்.

இரண்டாவது, ஐரோப்பிய நைட்கிராலர். ஐசீனியா ஹார்டென்சிஸ் என்றும் டெண்ட்ரோபீனா என்றும் சொல்வார்கள். கனடியனைவிடச் சிறியது, ஆனால் சுறுசுறுப்பு. ஆழமான வளை தேடாது, மேலாக இருக்கும் மக்கிய குப்பையிலேயே வாழும், அதனால் பெட்டிக்கு ஒத்துவரும். 15 முதல் 24 டிகிரி வரை நன்றாக இருக்கும். குளிர்ந்த தண்ணீரில் முள்ளில் கோத்துவிட்டாலும் நெடுநேரம் நெளிந்துகொண்டே இருப்பதால் தூண்டில்காரர்களுக்கு இது ரொம்பப் பிடிக்கும்.

மூன்றாவது ஆப்பிரிக்க நைட்கிராலர், யூட்ரிலஸ் யூஜெனியே. மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது, உடம்பில் ஊதாப் பளபளப்புத் தெரியும், மூன்றிலும் வேகமாக வளர்வது இதுதான். 24 முதல் 30 டிகிரி வரை இதன் சொர்க்கம். குளிர் மட்டும் ஆகவே ஆகாது, 15 டிகிரிக்குக் கீழே போனால் சோர்ந்துபோகும், இன்னும் இறங்கினால் செத்துவிடும். குளிர்ந்த ஏரித் தண்ணீரில் விட்டால் சீக்கிரம் துவண்டு தொங்கும்.

இவற்றோடு சிவப்புப் புழு ஒன்று, ஐசீனியா ஃபெடிடா, சமையலறைக் குப்பையை மக்க வைக்கப் பலர் வளர்ப்பது. தூண்டிலுக்கு அது மெலிது, குத்தினால் மஞ்சளாக ஒரு நாற்றமடிக்கும் திரவத்தை விடும், சில மீன்கள் அதனால் வாய் வைத்துவிட்டு உமிழ்ந்துவிடும். சிறு மீனுக்குப் போதும்.

சரி, எதை வாங்குவது? வாங்குவதற்கு முன்னால் பெட்டி வைக்கப்போகும் இடத்தில் ஒரு வெப்பமானியை ஒரு வாரம் வைத்துவிடுங்கள். பகல் உச்சத்தையும் விடியற்காலைக் குளிரையும் குறித்துக்கொண்டால் எந்தப் புழு என்பதை அந்த எண்களே சொல்லிவிடும். எனக்கு எந்தப் புழு பிடிக்கும் என்று யோசித்து வாங்கி, பிறகு அதற்காக இடத்தைக் குளிர்விக்கவும் சூடாக்கவும் போராடுவது வீண். வாங்கும்போது அறிவியல் பெயரைக் கேட்டுவிடுங்கள்.

இப்போது இந்தக் கட்டுரையில் எனக்கு மிக முக்கியமான விஷயம். மண்புழுவுக்கு நுரையீரல் கிடையாது, அது தோலால் மூச்சு விடுகிறது. காற்றில் இருக்கும் ஆக்சிஜன் புழுவின் தோல்மேல் இருக்கும் ஈரப் படலத்தில் கரைந்து, அங்கிருந்து ரத்தத்துக்குள் போகிறது. தோல் காய்ந்தால் மூச்சு நின்றுவிடும். படுக்கை முழுக்கத் தண்ணீரில் ஊறி, காற்று இல்லாமல் அழுகத் தொடங்கினாலும் மூச்சு முட்டிவிடும். உப்பு பட்டால் தோலில் இருந்து நீரை உறிஞ்சிவிடும். புழு வளர்ப்பில் செய், செய்யாதே என்று கேள்விப்படுகிற எல்லா விதிகளும் இந்த ஒரே இடத்தில் இருந்துதான் வருகின்றன. இதை மனதில் வைத்துக்கொண்டால் விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை, பெட்டியைத் திறந்து பார்த்து, இந்தப் புழுவால் இப்போது மூச்சு விட முடிகிறதா என்று கேட்டுக்கொண்டாலே போதும்.

படுக்கை என்று சொல்வது புழு வாழும் பொருளை. வெறும் தோட்டத்து மண்ணைப் போட்டு நிரப்பாதீர்கள், நனைந்ததும் இறுகிக் கட்டியாகிவிடும், காற்று போகாது. கிழித்த அட்டைப் பெட்டி, செய்தித்தாள், நன்றாக மக்கிய இலைத்தூள், பழைய சாணம், தென்னை நார்க்கழிவு இவற்றில் கிடைத்ததைக் கலந்து போடலாம். நார்க்கழிவில் உப்பு இருக்கலாம், இரண்டு மூன்று தடவை ஊறவைத்துப் பிழிந்து அலசிவிட்டுப் பயன்படுத்துங்கள். பளபளப்பான வண்ணத் தாள் வேண்டாம். அட்டையோடு ஒரு கைப்பிடி மண்ணும் கொஞ்சம் மணலும் சேர்ப்பது அவசியம், ஏனென்றால் புழுவுக்குப் பல் இல்லை, அரைவைப்பை என்று ஓர் உறுப்பு இருக்கிறது, அதில் இந்த மணல் துகள்கள்தான் அம்மி மாதிரி தீனியை அரைத்துக் கொடுக்கின்றன.

ஈரம் எவ்வளவு? ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். ஒன்றிரண்டு சொட்டு விழுந்தால் சரி. தாரையாக ஒழுகினால் அதிகம், உலர்ந்த அட்டையைக் கிழித்துப் போட்டுக் கிளறிவிடுங்கள். சொட்டே விழவில்லை என்றால் தெளிக்க வேண்டும். குழாய்த் தண்ணீரில் குளோரின் வாசனை வந்தால் வாயகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்துவிட்டுத் தெளியுங்கள்.

பெட்டி ஆழமாக இருப்பதைவிட அகலமாக இருப்பது நல்லது. ஐரோப்பிய, ஆப்பிரிக்கப் புழுக்கள் இரண்டும் மேல்மட்டத்தில் வாழ்பவை, 30 செ.மீ. உயரம் போதும், அதில் 20 செ.மீ. வரை படுக்கை. வெளிச்சம் ஊடுருவாத பிளாஸ்டிக் பெட்டி அல்லது மரப்பெட்டி எதுவானாலும் சரி. மேல் பக்கச் சுவரில் காற்றுத் துளைகள், துளைகளின் மேல் நெருக்கமான வலை, அடியில் நீர் வடியச் சில துளைகள், கீழே ஒரு தட்டு. பெட்டியின் கால்களைச் சிறு தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தினால் எறும்பு வராது. எறும்பு உள்ளே குடியேறிவிட்டது என்றால் பெரும்பாலும் படுக்கை காய்ந்திருக்கிறது என்று அர்த்தம், முதலில் ஈரத்தைச் சரிசெய்யுங்கள்.

படுக்கையை நனைத்து இரண்டு மூன்று நாள் சும்மா விடுங்கள், அது சூடாகிறதா என்று உள்ளே கையை விட்டுப் பாருங்கள், சூடு இல்லை என்றால் புழுவை விடலாம். கொட்டிக் கிளற வேண்டாம், மேலே பரப்பிவிட்டால் அதுவே உள்ளே இறங்கிக்கொள்ளும். முதல் மூன்று நான்கு இரவு பெட்டிக்கு மேலே ஒரு விளக்கை எரியவிடுங்கள். புதிய இடத்தில் புழுக்களுக்கு நிலைகொள்ளாது, இருட்டினால் கூட்டமாகச் சுவரேறி வெளியே போய்விடும், ஆப்பிரிக்கப் புழு இதில் ரொம்ப மோசம், ஒரே இரவில் பாதிப் பெட்டி காலியாகிவிடும். புழுவுக்குக் கண் இல்லை, ஆனால் தோலில் ஒளியை உணரும் செல்கள் இருக்கின்றன, வெளிச்சம் பட்டால் உள்ளே போய்விடும். சிவப்பு வெளிச்சம் அவற்றை அவ்வளவாக உறுத்தாது, அதனால் இரவில் புழுவைத் தொந்தரவு செய்யாமல் பார்க்க வேண்டும் என்றால் சிவப்பு விளக்கு நல்லது, அடைத்து வைக்க வேண்டும் என்றால் வெள்ளை விளக்கு.

அதிர்வும் ஆகாது. சார்லஸ் டார்வின் 1881இல் மண்புழுக்களைப் பற்றி வெளியிட்ட ஆய்வில் ஒரு அழகான சோதனை வருகிறது. பக்கத்தில் பியானோவைச் சத்தமாக வாசித்தாலும் தொட்டியில் இருந்த புழுக்கள் அசையவில்லை. அதே தொட்டியைப் பியானோவின் மேலேயே வைத்து ஒரு சுரத்தைத் தட்டியதும் சட்டென்று வளைக்குள் போய்விட்டன. அவற்றுக்குக் காது கேட்காது, ஆனால் உடம்பு முழுக்க அதிர்வை உணர்கின்றன. துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் பெட்டியை வைத்துவிட்டுப் புழு ஏன் ஓடுகிறது என்று குழம்பவேண்டாம்.

தீனிக்கு வருவோம், முதல் பெட்டி போவது இங்கேதான். காய்கறித் தோல், பழத்தோல், காபித்தூள் சக்கை, பொடித்த தானியம் எல்லாம் சாப்பிடும். உப்பு, எண்ணெய், இறைச்சி, பால் பொருட்கள், காரம், வெங்காயம், எலுமிச்சை வகைத் தோல்கள் வேண்டாம். ஆனால் எதைப் போடுகிறோம் என்பதைவிட எவ்வளவு போடுகிறோம் என்பதில்தான் உயிர் இருக்கிறது. புழு நேராகக் காய்கறியைக் கடித்துத் தின்பதில்லை, அது மக்கத் தொடங்கி நுண்ணுயிர்கள் பெருகிய பிறகு அந்த நுண்ணுயிர்களோடு சேர்த்துத்தான் உறிஞ்சுகிறது. ஆகவே போட்டது அத்தனையும் முதலில் பெட்டிக்குள் மக்கும், மக்கும்போது சூடு கிளம்பும், காற்றில் உள்ள ஆக்சிஜனையும் தின்றுவிடும்.

என் முதல் பெட்டியில் புழுக்களுக்கு நல்லது செய்வதாக நினைத்து, வெட்டிய பச்சைப் புல்லை ஒரு சாண் உயரத்துக்குப் போட்டு மூடிவிட்டு இரண்டு நாள் வெளியே போய்விட்டேன். திரும்பி வந்து கையை வைத்தபோது உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது. மூலைகளில் சுருண்டு கிடந்த கொஞ்சம் புழுக்கள் தவிர மற்றவை கரைந்தே போயிருந்தன. அந்த நாற்றம் இன்னும் நினைவில் இருக்கிறது. அதற்குப் பிறகு ஒரே ஒரு பழக்கத்தை விடாமல் வைத்திருக்கிறேன்: பெட்டியின் ஒரு மூலையில் மட்டும் ஒரு கைப்பிடி தீனியைப் புதைப்பது, அது ஏறக்குறைய தீர்ந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு அடுத்த மூலையில் புதைப்பது. ஏதாவது தவறு நடந்தாலும் அந்த மூலை மட்டும்தான் கெடும், புழுக்கள் எதிர் மூலைக்கு ஒதுங்கிப் பிழைத்துக்கொள்ளும்.

புரதம் மிகுந்த தீனியை அளவுக்கு மேல் போட்டால் இன்னொரு ஆபத்து. அது புழுவின் வயிற்றுக்குள் புளித்துப்போய், உடம்பு அங்கங்கே வீங்கி மணி கோத்த மாலை மாதிரி ஆகிவிடும். அப்படி ஒன்றைப் பார்த்தாலே தீனியை நிறுத்தி, புளித்த பகுதியை அள்ளி வெளியே போட்டுவிட்டு, புதிய அட்டையைக் கலந்துவிடுங்கள். முட்டை ஓட்டைக் காயவைத்து நைசாகப் பொடித்து அவ்வப்போது தூவினால் புளிப்பு ஏறாது, அரைவைப்பைக்கும் உதவும். அவசரத்துக்குச் சுவருக்கு அடிக்கிற சுண்ணாம்பைத் தூவிவிடாதீர்கள், அது தோலைச் சுட்டுப் புழுவைக் கொன்றுவிடும்.

குட்டிகள் எப்படி வருகின்றன என்று பார்ப்போம். ஒவ்வொரு மண்புழுவும் ஆணும் பெண்ணுமாக இருக்கிறது, ஆனாலும் இந்த நைட்கிராலர்கள் இனம் பெருக்க இரண்டு சேர வேண்டும். கழுத்துப் பக்கம் சற்றுத் தடித்த பட்டை ஒன்று தெரிந்தால் பருவத்துக்கு வந்துவிட்டது என்று பொருள். அந்தப் பட்டையில் இருந்துதான் முட்டைக்கூடு உருவாகி, தலை வழியாகக் கழன்று விழுகிறது. ஐரோப்பியப் புழுவின் கூடு சிறிய எலுமிச்சை வடிவில், கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். அது பொரிக்க ஆறு வாரம் போல ஆகும், குட்டி பருவத்துக்கு வர இன்னும் ஒன்பது பத்து வாரம். ஆப்பிரிக்கப் புழு இதை எல்லாம் ஏறக்குறைய பாதி நாளிலேயே முடித்துவிடும், ஒரு கூட்டில் இரண்டு மூன்று குட்டிகள்கூட வரும். அதனால் ஐரோப்பியப் புழுவோடு தொடங்குகிறவர்கள் முதல் நான்கு மாதம் பெட்டியில் கை வைக்காமல் பொறுத்திருக்க வேண்டும், இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். புழுவை இரண்டாக வெட்டினால் இரண்டு புழு ஆகும் என்று சொல்வதை நம்பாதீர்கள், தலைப் பக்கம் சில சமயம் பிழைத்து வாலை வளர்த்துக்கொள்ளும், வால் பக்கம் செத்துத்தான் போகும்.

குப்பையை மக்கவைக்க வளர்ப்பதற்கும் தூண்டிலுக்கு வளர்ப்பதற்கும் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. குப்பைக்கு எண்ணிக்கை வேண்டும், புழு சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. நமக்கு உருவம் வேண்டும். நெருக்கடியில் வாழும் புழு பருத்து வளராது, எவ்வளவு தீனி போட்டாலும் மெலிந்தே இருக்கும். 60 செ.மீ. நீளம் 40 செ.மீ. அகலமுள்ள ஒரு பெட்டிக்கு 250 புழு போதும் என்பது என் கருத்து. பெருகி நெருக்கமாகும்போது பிரித்துவிடுங்கள். இரண்டு பெட்டி வைத்துக்கொள்வது இன்னும் நல்லது, ஒன்று குடும்பம் நடத்த, இன்னொன்று பருக்க வைக்க. தூண்டிலுக்குப் போகும் புழுக்களை இரண்டு மூன்று வாரம் முன்னாலேயே பொறுக்கி, புதிய படுக்கை உள்ள இரண்டாவது பெட்டியில் இடைவெளி விட்டுப் போட்டு, நைசாக அரைத்த கோழித்தீவனத்தையோ தானிய மாவையோ மேலே மெல்லிய படலமாகத் தூவி லேசாக ஈரப்படுத்துங்கள். அடுத்த நாள் பாருங்கள், தின்று தீர்த்திருந்தால் மட்டும் மறுபடி தூவுங்கள், மீந்து பூசணம் பிடித்தால் வழித்து எடுத்துவிடுங்கள். மூன்று வாரத்தில் புழு பருத்திருப்பது கண்ணுக்கே தெரியும், பார்க்கவே சந்தோஷமாக இருக்கும். ஆனால் பெரிய புழுக்களை எல்லாம் தூண்டிலுக்கே எடுத்துவிடாதீர்கள், நன்றாக வளர்ந்ததில் கொஞ்சத்தை முதல் பெட்டிக்கே திருப்பிவிட்டால்தான் அடுத்த தலைமுறை வரும்.

பொறுக்குவதற்கு ஒரு சுலபமான வழி: நல்ல வெளிச்சத்தில் ஒரு தாளின் மேல் படுக்கையைக் கூம்பு கூம்பாகக் குவித்து வையுங்கள். வெளிச்சத்துக்குப் பயந்து புழு அடியில் இறங்கும். பத்து நிமிடம் கழித்து மேலாக வழித்து எடுங்கள், மறுபடி கொஞ்சம் காத்திருந்து மறுபடி வழியுங்கள், கடைசியில் அடியில் புழுக்கள் மட்டும் உருண்டையாகக் கிடக்கும். வழித்து எடுத்ததில் முட்டைக்கூடுகள் இருக்கும், அதை அப்படியே பெட்டிக்குத் திருப்பிவிடுங்கள்.

மீன் பிடிக்கப் போவதற்கு இரண்டு நாள் முன்னால் வேண்டிய புழுக்களை ஈரமான பாசியிலோ கிழித்த தாளிலோ தீனி இல்லாமல் போட்டு வையுங்கள். குடலில் உள்ள மண் வெளியேறி, தோல் உறுதியாகும், முள்ளில் கோக்கும்போது நழுவாது, அறுந்தும் போகாது. கொண்டுபோகும்போது வெயில் படாமல் இருக்க வேண்டும். காரில் மூடிவைத்த டப்பாவில் அரை மணி நேரத்தில் மொத்தமும் வெந்துவிடும். ஐரோப்பிய, கனடியன் புழுக்களுக்கு ஒரு தண்ணீர்ப் புட்டியை உறையவைத்துத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைக்கலாம், உருகும் பனிக்கட்டித் தண்ணீர் புழு மேல் படக்கூடாது. ஆப்பிரிக்கப் புழுவுக்கு நிழல் போதும், குளிர்பெட்டியில் வைக்காதீர்கள்.

அப்புறம், மிச்சமான புழுக்களை ஏரிக்கரையிலோ காட்டோரத்திலோ கொட்டிவிட்டு வராதீர்கள். இதைக் கேட்டதும் மண்புழு மண்ணுக்கு நல்லதுதானே என்று பலர் சொல்வார்கள். தோட்டத்தில் நல்லது. ஆனால் வட அமெரிக்காவின் வடபகுதிக் காடுகளில் கடைசிப் பனியுகத்துக்குப் பிறகு மண்புழுவே கிடையாது, அங்குள்ள மரக்கன்றுகளும் பூச்செடிகளும் தடிமனான சருகுப் படுக்கையை நம்பியே பல்லாயிரம் ஆண்டு வாழ்ந்தவை. குடியேறியவர்களோடு வந்த ஐரோப்பியப் புழுக்களும், தூண்டில்காரர்கள் கரையில் கொட்டிய மிச்சமும் சேர்ந்து அந்தச் சருகுப் படுக்கையைச் சில ஆண்டுகளிலேயே தின்று தீர்த்துவிட, அடியில் வெறும் மண் தெரிகிற காடுகள் இப்போது அங்கே நிறைய இருக்கின்றன. ஒரு முறை பரவிய புழுவைத் திரும்ப எடுக்க வழியே இல்லை. மீந்ததை டப்பாவோடு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள், துவண்டு கிடப்பவற்றை ஓர் இரவு தனியாக ஈரத்தாளில் வைத்துப் பாருங்கள், காலையில் தொட்டதும் சுருங்கினால் பெட்டியில் சேர்த்துவிடலாம். புழு எச்சத்திலும் முட்டைக்கூடுகள் இருக்கும் என்பதால் அதையும் வீட்டுத் தொட்டிச் செடிகளுக்கே போடுங்கள்.